எழ மறுக்கும் பழைய கணிப்பொறி: காரணமும் தீர்வும்

முன்னுரை

விசையை அழுத்தியதும் கணிப்பொறி விழித்தெழுந்து பணிக்கு ஆயத்தமாவதை நாம் இயல்பான செயலாகவே கருதுகிறோம். அது விழிக்க மறுக்கும் நாளில்தான் அவ்விழிப்பு எத்தனை படிகளைக் கொண்டது என்பதை எண்ணிப் பார்க்கிறோம். பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று தொடக்கத்திலேயே தடுமாறி விழுமாயின் அதன் காரணத்தை எவ்வாறு முறைப்படி அறிவது, அறிந்தபின் எவ்வாறு தீர்ப்பது, தீர்க்கும் முன் எதனைக் காப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் இயந்திரத்தைப் பற்றிய கட்டுரை எதற்கு எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம். 1990களில் நம் துறை மாணவர்கள் சுற்றுப்புறச் சிற்றூர்களில் முதிய தாய்மார்களிடம் கேட்டுத் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் கும்மிப் பாடல்களையும் ஒலிநாடாவில் பதிவு செய்தனர். பின்னர் அவை தட்டச்சு செய்யப்பெற்று, ஃபிளாப்பியில் ஏறி, 2008இல் வாங்கிய துறைக் கணிப்பொறியில் வந்து சேர்ந்தன. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்தன. தாள்படிகளைக் கரையான் தின்றது. பாடிய தாய்மார்களுள் பலர் இன்று நம்மிடையே இல்லை. ஆகவே அப்பாடல்கள் யாவும் அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே எஞ்சியிருந்தன.

2018 சூன் மாதம் கோடை விடுமுறை முடிந்து துறையைத் திறந்தோம். கணிப்பொறியை இயக்கியபோது விண்டோஸ் எக்ஸ்.பி.யின் முத்திரை திரையில் தோன்றியது. நொடிப்பொழுது நீலநிறம் மின்னியது. உடனே பொறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. இவ்வாறே திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. பழுது பார்க்க வந்த இளைஞர், “ஃபார்மட் போட்டுட்டா சரியாயிடும் சார்” என்றார். அவர் கூற்று பொய்யன்று. ஃபார்மட் செய்து விண்டோஸை மீண்டும் நிறுவினால் பொறி எழுந்திருக்கவும் கூடும். ஆனால் பாடல்கள்? இவ்வினாவே நம்மை இவ்வாராய்ச்சிக்குள் செலுத்தியது.

விழிப்பின் படிகள்

கணிப்பொறி தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்பர். இது ‘பூட்ஸ்ட்ராப்’ என்னும் சொல்லின் சுருக்கம். நீள்காலணியின் மேல்விளிம்பிலுள்ள வாரைப் பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக்கொள்ளுதல் என்பது அதன் பின்னுள்ள கருத்து. நடக்கவியலாத செயலைக் குறித்த அத்தொடர் கணிப்பொறிக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. எந்த மென்பொருளையும் நினைவகத்தில் ஏற்றுவதற்கு வேறொரு மென்பொருள் வேண்டும். அவ்வாறாயின் முதல் மென்பொருளை ஏற்றுவது எது?

இச்சிக்கலுக்குத் தீர்வாக மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லில் அழியாத கட்டளைகளைப் பொறித்து வைத்தனர். அதுவே பயாஸ். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியிலேயே இது இடம்பெற்றிருந்தது. மின்சாரம் கிடைத்ததும் செயலியானது முன்கூட்டியே வகுக்கப்பட்ட முகவரிக்குச் சென்று பயாஸின் கட்டளைகளைப் படிக்கத் தொடங்குகிறது. பயாஸ் உறுப்புகளைச் சோதிக்கிறது. பின்னர் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டின் முதற்பகுதியைப் படித்துப் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கிறது. அம்முதற்பகுதி விண்டோஸின் ஏற்றியை அழைக்கிறது. ஏற்றி விண்டோஸின் கருவையும் இயக்கிகளையும் கொண்டு வருகிறது. இறுதியில் நாம் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு உள்ளே நுழைகிறோம்.

கையிலிருக்கும் விளக்கை ஒருவர் அடுத்தவர் கையில் கொடுப்பதைப் போன்றது இது. விளக்கு எவர் கையில் அணைந்ததோ அவரிடமும், அவருக்கு அதனைக் கொடுத்தவரிடமுமே காரணத்தைத் தேட வேண்டும். ‘கணிப்பொறி ஓடவில்லை’ என்று பொதுப்படக் கூறுதல் ‘உடம்பு சரியில்லை’ என்று மருத்துவரிடம் கூறுவதை ஒக்கும். எந்தப் படியில் நின்றது என்று கூறுவதே நோயறிதலின் தொடக்கம். இனி, அப்படிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்படி: மின்சாரம்

விசையை அழுத்தியும் விளக்கில்லை, விசிறியில்லை, ஓசையில்லை எனில் குறை மின்சாரத்தைச் சார்ந்தது. சுவர்ச் சொருகி, கம்பி, பெட்டியின் பின்புறமுள்ள சிறுவிசை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். இவை எளியன என்பதாலேயே பலரும் இவற்றைக் கடைசியில் பார்க்கின்றனர்.

இவை சரியாயிருப்பின் எஸ்.எம்.பி.எஸ். என்று கடைத்தெருவில் வழங்கும் மின்வழங்கியை ஐயுறலாம். அது வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் அளவுகளாக மாற்றித் தருகிறது. இவ்வளவுகள் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. ஐயம் எழின் நல்ல நிலையிலுள்ள வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. அப்பெட்டியை மட்டும் நாம் திறத்தல் கூடாது. மின் இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயர்அழுத்த மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

சில பொறிகள் காலையில் முதல் அழுத்தத்திற்கு எழாமல், நான்கைந்து முறை அழுத்திய பின்னர் எழும். அத்தகைய பொறியைத் திறந்து, தாய்ப்பலகையில் செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளை நோக்குக. மின்தேக்கிகளான அவற்றின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். உப்பியோ, பழுப்புநிறக் கசிவுடனோ காணப்பட்டால் அவை பழுதடைந்தன என்பது உறுதி. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் செய்யப்பட்ட தாய்ப்பலகைகள் பலவற்றில் இக்குறை உலகெங்கும் காணப்பட்டது.

இரண்டாம் படி: தற்சோதனை

விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, ஆயினும் திரை இருண்டே இருக்கிறது எனில் பயாஸ் செய்யும் தற்சோதனையில் தடை நேர்ந்துள்ளது. இந்நிலையில் பல பொறிகள் ‘பீப்’ என்னும் ஓசையால் நம்மிடம் பேசுகின்றன. பல பொறிகளில் ஒரு குற்றோசை ‘நலம்’ என்பதைக் குறிக்கும். தொடர்ந்து ஒலிக்கும் நெடிய ஓசை பெரும்பாலும் நினைவகக் குறையைக் காட்டும். இவ்வோசைகளின் பொருள் பயாஸைச் செய்தவரைப் பொறுத்து மாறுபடும் ஆதலின் தாய்ப்பலகையுடன் வந்த கையேட்டைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

நம் நாட்டில், அதிலும் உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில், ‘ராம்’ எனப்படும் நினைவகப் பலகையின் தொடுமுனைகள் மங்கிப் போதல் மிகுதி. மின் இணைப்பைத் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு நம் உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பின்னர், பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையான அழிப்பானால் இலேசாகத் துடைத்து, துகள் நீக்கி, மீண்டும் ‘கிளிக்’ என்னும் ஓசை வரும்வரை அழுத்திப் பொருத்துக. இரண்டு பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் குறை எதனிடம் இருந்தது என்பதை அறிய முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் என்னும் இவ்விதி எல்லாப் படிகளுக்கும் பொருந்துவதாகும்.

வன்தட்டைத் தொடும் முன்

இதுவரை கண்ட இரண்டு படிகளிலும் நாம் செய்யும் எதுவும் வன்தட்டிலுள்ள எழுத்துகளைத் தீண்டுவதில்லை. இனி வரும் படிகளில் அவ்வாறன்று. ஆகவே மேலே செல்லும் முன் இங்கே நிற்க வேண்டும்.

ஏட்டுச்சுவடிகளைக் காத்த நம் முன்னோர், ஓலை செல்லரிக்கத் தொடங்கும் முன் அதனைப் புதிய ஓலையில் படியெடுத்தனர். ‘படியெடுத்தல்’ என்னும் அப்பழஞ்சொல் இவ்விடத்திற்கு மிகப் பொருந்துவதாகும். பொறி எழவில்லை என்றால் வன்தட்டு அழிந்தது என்பது பொருளன்று. எழுப்புகின்ற தொழில் வேறு, எழுத்துகளைச் சுமக்கின்ற தொழில் வேறு. வன்தட்டைக் கழற்றி, சந்தையில் கிடைக்கும் யு.எஸ்.பி. இணைப்பான் வழியே மற்றொரு கணிப்பொறியில் இணைத்தால் பெரும்பாலும் கோப்புகளைக் காணலாம். வன்தட்டில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயங்கவல்ல லினக்ஸ் பதிப்புகளும் இதற்குத் துணைபுரியும்.

வன்தட்டிலிருந்து ‘டக், டக்’ என்று விட்டுவிட்டு ஓசை வருமாயின் அதனை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தல் தகாது. ஒவ்வொரு சுழற்சியும் அதன் எஞ்சிய வாழ்நாளைக் குறைக்கும். இந்நிலையில் ‘செக்டிஸ்க்’ போன்ற திருத்தும் கட்டளையையும் ஏவுதல் கூடாது. அது கோப்பமைப்பைச் சீராக்கும் முயற்சியில் நலிந்த வட்டை மேலும் அலைக்கழிக்கும். முதலில் படியெடுத்தல், பின்னரே பழுதுநீக்கல்.

தமிழ்த்துறையார் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. ஒருங்குறி பரவலாவதற்கு முன்பு ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை அடுத்துத் ‘தாம்’, ‘தாப்’ என்னும் குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இதற்கு முற்பட்ட கோப்புகளை எழுத்துரு இல்லாமல் திறந்தால் பொருளற்ற உரோமானிய எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். எனவே கோப்புகளைப் படியெடுக்கும்போது விண்டோஸ் கோப்புறையினுள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ என்னும் உட்கோப்புறையையும் சேர்த்தே படியெடுக்க வேண்டும். எழுத்துருவை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் காப்பது, திறவுகோலை விட்டுவிட்டுப் பேழையை மட்டும் தூக்கி வருவது போன்றது.

நம் துறைக் கணிப்பொறிக்கு இதனையே முதலில் செய்தோம். ஒரு மாலைப்பொழுது முழுதும் செலவாயிற்று. பாடல்களும் எழுத்துருக்களும் வேறிடம் சேர்ந்த பின்னரே பழுதின் காரணத்தைத் தேடத் துணிந்தோம்.

மூன்றாம் படி: பொறுப்பு ஒப்படைப்பு

பயாஸின் முகப்புத் தோன்றுகிறது, ஆனால் விண்டோஸின் முத்திரை தோன்றும் முன்பே கருந்திரையில் ஓர் ஆங்கிலச் செய்தி நிற்கிறது எனில் ஒப்படைப்பில் தடை உள்ளது. இயங்குதளம் காணப்படவில்லை என்றோ, ‘என்.டி.எல்.டி.ஆர்.’ என்னும் ஏற்றி இல்லை என்றோ அச்செய்தி அமையும். அஞ்ச வேண்டா. முதற்கண் பென் டிரைவோ, குறுந்தட்டோ, ஃபிளாப்பியோ பொறியில் மறந்து விடப்பட்டுள்ளதா எனப் பார்க்க. பயாஸ் அதனிடம் சென்று இயங்குதளத்தைத் தேடி ஏமாந்திருக்கக்கூடும்.

அதுவன்றெனில் பயாஸ் அமைப்புத் திரைக்குள் சென்று வன்தட்டின் பெயர் பட்டியலில் உள்ளதா என்று நோக்குக. பெயரே இல்லையாயின் இணைப்புக் கம்பியையும் மின்கம்பியையும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். பெயர் இருந்தும் எழவில்லையாயின் முதற்பகுதி பழுதாகியிருக்கலாம். வெறும் 512 பைட்டுகளே கொண்ட அச்சிறு பகுதியிலேதான் ஏற்றியை அழைக்கும் கட்டளையும், வன்தட்டின் பிரிவுகள் பற்றிய அட்டவணையும் அடங்கியுள்ளன. எக்ஸ்.பி. நிறுவும் குறுந்தட்டிலுள்ள மீட்புத் திரையில் ‘ஃபிக்ஸ்பூட்’, ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்னும் கட்டளைகள் இதனைச் சீர்செய்ய உதவும். படியெடுத்து முடித்தவர் மட்டுமே இவற்றைக் கையாளலாம்.

நான்காம் படி: நீலத்திரை

விண்டோஸின் முத்திரை தோன்றிய பின்னர் நீலத்திரை வந்து நிற்குமாயின் கருவோ, இயக்கியோ, நினைவகமோ, வன்தட்டோ தடுமாறியிருக்கிறது. நீலத்திரையைக் கண்டதும் பலர் விசையை அணைத்துவிடுகின்றனர். அது தவறு. அத்திரையிலுள்ள எண்ணே நமக்குக் கிடைக்கும் தலையாய சான்று. எக்ஸ்.பி.யில் நீலத்திரை தோன்றிய அளவிலேயே பொறி தானாக மீண்டும் தொடங்கிவிடும் ஆதலால் அவ்வெண்ணைப் படிக்க இயலாது. தொடக்கத்தில் எஃப்8 விசையை அழுத்தினால் வரும் பட்டியலில், தானியங்கு மறுதொடக்கத்தை நிறுத்தும் தேர்வு உள்ளது. அதனைத் தெரிந்தால் நீலத்திரை அசையாது நிற்கும்.

அதே பட்டியலில் வேறிரண்டு தேர்வுகளும் பயனுடையன. ஒன்று, ‘சேஃப் மோட்’ எனப்படும் காப்புநிலை. இதில் இன்றியமையாத இயக்கிகள் மட்டுமே ஏற்றப்படும். காப்புநிலையில் எழும் பொறி வழக்கமான முறையில் எழவில்லையாயின், அண்மையில் சேர்த்த இயக்கியோ மென்பொருளோ காரணமாகலாம் என்று துணியலாம். மற்றொன்று, கடைசியாக நன்கு இயங்கிய அமைப்பிற்குத் திரும்பும் தேர்வு. வெற்றியுடன் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் அவ்வமைப்பு புதுப்பிக்கப்படும் ஆகையால், குறை தோன்றியவுடன் மறுபடி உள்நுழையாமலே இதனை முயல வேண்டும்.

நம் பொறியில் எஃப்8 வழியே நீலத்திரையை நிறுத்திப் படித்தோம். எண்ணின் இறுதியில் 7பி என்றிருந்தது. விண்டோஸ் தான் எழ வேண்டிய வன்தட்டை அணுக முடியவில்லை என்பது அதன் பொருள். வியப்பு மேலிட்டது. முதல் நாள் அவ்வன்தட்டிலிருந்துதானே கோப்புகளைப் படியெடுத்தோம்? வட்டு நலமாயிருக்க, விண்டோஸால் மட்டும் அதனை அணுக முடியாதது ஏன்?

பயாஸ் அமைப்புத் திரையைத் திறந்தோம். அங்கிருந்த நாள் 2018 சூன் அன்று. பத்தாண்டுகளுக்கு முந்தைய சனவரி முதல் நாள். குறை எதுவென்பது அக்கணமே விளங்கிற்று.

தாய்ப்பலகையில் காசு வடிவில் ஒரு மின்கலம் உண்டு. சி.ஆர்.2032 என்பது அதன் பெயர். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்பதையே அவ்வெண் குறிக்கிறது. 3 வோல்ட் ஆற்றலுடைய இக்கலம், பொறி அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸின் அமைப்புகளையும் நினைவில் வைத்திருக்கிறது. சுவர் மின்சாரம் இணைந்திருக்கும்வரை அதுவே இவற்றைத் தாங்கிவிடும் ஆதலால் கலம் தேய்ந்திருப்பது நமக்குத் தெரிவதில்லை. கோடை விடுமுறையில் துறையின் முதன்மை மின்விசையை அணைத்துச் சென்றிருந்தோம். அவ்வாரங்களில் தேய்ந்த கலம் முற்றிலும் ஓய்ந்தது. பயாஸ் தன் அமைப்புகளை மறந்து தொழிற்சாலையில் இட்ட தொடக்க அமைப்பிற்குத் திரும்பியது. அத்துடன் வன்தட்டுடன் பேசும் முறையும் ஐ.டி.ஈ. என்பதிலிருந்து ஏ.எச்.சி.ஐ. என்பதற்கு மாறிற்று. முன்னைய முறையில் நிறுவப்பட்ட எக்ஸ்.பி.க்குப் பின்னைய முறைக்குரிய இயக்கி கிடையாது. ஆகவே கண்முன் இருந்த வட்டை அதனால் காண முடியவில்லை.

சில பத்து ரூபாய் விலையுள்ள மின்கலத்தை மாற்றினோம். நாளையும் நேரத்தையும் திருத்தினோம். வட்டின் முறையைப் பழையபடி ஐ.டி.ஈ. என்றாக்கினோம். பொறி எழுந்தது. ஃபார்மட் செய்திருப்பின் பத்தாண்டுச் சேமிப்பு அழிந்திருக்கும், தேய்ந்த மின்கலமோ தேய்ந்தபடியே இருந்திருக்கும், அடுத்த விடுமுறைக்குப் பின்னர் அதே நீலத்திரை மீண்டும் வந்திருக்கும். காரணம் அறியாத் தீர்வின் இயல்பு இதுவே.

ஐந்தாம் படி: உள்நுழைந்த பின் வீழ்ச்சி

பொறி எழுந்து, சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடின் வெப்பத்தை ஐயுற வேண்டும். செயலியின் மேலுள்ள விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் பல்லாண்டுத் தூசு பஞ்சுபோல் படிந்திருக்கும். செயலிக்கும் தகட்டிற்கும் இடையிலுள்ள வெப்பப்பசை உலர்ந்திருக்கும். வெப்பம் எல்லை மீறும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளவே பொறியை அணைக்கிறது. தூசு நீக்கி, பசையைப் புதிதாக இடுதல் தீர்வாகும். தூசு நீக்கியும் நீலத்திரை வேறுவேறு எண்களுடன் தோன்றின், நினைவகக் குறையே பெரும்பாலும் காரணம். ‘மெம்டெஸ்ட் 86’ போன்ற சோதனை மென்பொருளை ஓரிரவு முழுதும் ஓடவிட்டு இதனை உறுதி செய்யலாம்.

முடிவுரை

மேலே கண்டவற்றைத் தொகுத்துக் கூறின் நான்கு நெறிகள் கிடைக்கின்றன. எந்தப் படியில் வீழ்ச்சி நேர்ந்தது என்பதை முதலில் வரையறுத்தல். வன்தட்டைத் தொடும் முன் படியெடுத்தல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல். செய்த ஒவ்வொன்றையும் ஏட்டில் குறித்து வைத்தல். இறுதி நெறியை எளிதாக எண்ண வேண்டா. பயாஸின் அமைப்புகள் நல்ல நிலையில் இருந்தபோதே அவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தோமாயின், நம் தேடல் கால்மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

எக்ஸ்.பி.க்குரிய பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. எனவே அத்தகைய பொறிகளை இணையத்தில் இணைக்காது, பழைய கோப்புகளைத் திறப்பதற்கு மட்டும் பயன்படுத்துதல் நன்று.

இன்னுமொன்று கூறி அமைகிறோம். நம் துறைக் கணிப்பொறி மீண்டெழுந்தது உண்மை. ஆயினும் மறு ஆண்டே, 2019இல், அதன் வன்தட்டு ‘டக், டக்’ என்று ஓசையிட்டு ஓய்ந்தது. இம்முறை அதனை எவராலும் எழுப்ப இயலவில்லை. ஆனால் எவரும் வருந்தவில்லை. முந்தைய ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் எடுத்த படி நம்மிடம் இருந்தது. அதற்குள் மாணவர்கள் அப்பாடல்களை ஒருங்குறிக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் மூவிடங்களில் சேமித்திருந்தனர்.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லங்களிலும், பெரியோர்களே, உங்கள் அலுவலகங்களிலும், மூலையில் துணி போர்த்தப்பட்ட பழைய கணிப்பொறி ஒன்று இருக்கக்கூடும். அதனுள் ஒரு திருமண ஒளிப்படமோ, தந்தையார் எழுதிய கடிதமோ, ஊர் வரலாற்றுக் குறிப்போ உறங்கிக்கொண்டிருக்கலாம். அது இன்னும் எழுகின்ற காலத்திலேயே அதனைப் படியெடுத்து வைப்பது நம் கடமையாகும்.